கௌசி செய்துகொடுத்த மலைகள்

ஒன்று சொல்ல வந்தேன், பிள்ளைகளே. அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறி, உங்கள் மெடம் கௌசி எழுதிய ஆய்வுகள், போன நாடுகள், வாங்கிய பட்டங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏணியை விட்டுவிட்டுக் கௌசியைப் பற்றி என்ன பேசுவது? நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் சித்தி என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் நிற்காது. நான் உக்குவளையில் சாதாரணதரம் வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நீளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

செய்தி வந்த அன்று வெள்ளிக்கிழமை. அந்த வாரம் முழுக்கக் கண்டி ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவளுடைய தம்பி ரமேஷ் வந்து, "சித்தி, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றான். வெள்ளிக்கிழமை என்பதால் நேராக மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்குள் போனால் போனை நிறுத்திவிடுவேன். சாமிக்கு முன்னால் கோயில் மணியைத் தவிர வேறு மணி கேட்கக் கூடாது என்பது என் எண்ணம். அர்ச்சனை செய்து, பஸ் பிடித்து, வீட்டு வாசல் படலைக்கு வந்தால் பக்கத்துத் தோட்டத்து நஸீமா ராத்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ரமேஷ் என்னைப் பிடிக்க முடியாமல் அவருக்குச் சொல்லியிருக்கிறான். அவர் செய்தியைச் சொல்லவில்லை. "தங்கச்சி, அந்தத் தட்ட இங்க தாங்க" என்றார். என் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை வாங்கி மதில்மேல் பத்திரமாக வைத்தார். அதற்குப் பிறகுதான் என் தோளைப் பிடித்தார். கௌசி போய்விட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

கௌசி என் அக்காவின் மகள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கொஞ்சம் மிளகு உண்டு. முள்முருக்கு மரங்களில் கொடியை ஏற்றிவிட்டால் அது மேலே மேலே போகும். சரம் சிவக்கத் தொடங்கினால் ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். ஏணிக்கு இரண்டு காலும் ஒரே நீளம். நிலமோ சரிவு. ஒரு காலுக்குக் கல் வைப்போம். என் அக்கா ஏறியபோது அந்தக் கல் உருண்டது. முதுகெலும்பு போய்விட்டது. பிறகு கடைசிவரை கட்டில்தான். கௌசி பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்தது அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துதான்.

விதி என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். கௌசி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"விதிய இழுக்காதீங்க சித்தி. அது மட்டமான நிலத்துக்குச் செஞ்ச ஏணி. நம்ம ஊர்ல மட்டமான நிலம் எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"ஸ்கூல் கிரவுண்டு இருக்கே" என்றேன்.

"அங்க மிளகு இல்ல" என்றாள்.

அக்கா போன பிறகு, கௌசி படித்து முடித்து, வெளிநாடு போய் வந்து, உங்களுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதும், சனிக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் கோச்சி ஏறி உக்குவளையில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். தோளில் கம்பியூட்டர் பை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அதைத் திறந்து வைத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருப்பேன். தூசு போகிறது, அங்கே வைக்காதே என்றால் கேட்க மாட்டாள்.

என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். ஏணி செய்கிறேன் என்றாள். படத்தைக் காட்டு என்றேன். படம் இல்லையாம். தான் ஏணியை வரைவதில்லை, விதையைத்தான் எழுதுகிறேன் என்றாள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எனக்கு அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு புளியங்கொட்டைக்குள் புளியமரத்தின் படம் இல்லை. இங்கே கிளை விடு, பாரம் அழுத்தினால் அங்கே தடித்துக்கொள், வெளிச்சம் அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் சாய் என்று சொல்லும் கட்டளைகள்தான் இருக்கின்றன. அதே மாதிரி அவள் கட்டளைகளை எழுதி, அந்தக் கம்பியூட்டர் பெட்டிக்குள் நிறைய விதை போடுவாள். ஒவ்வொன்றும் ஒரு ஏணியாக முளைத்து வளரும். பெட்டிக்குள்ளேயே ஒரு மலைச்சரிவு. அதில் ஏணியை நிறுத்தி ஒரு ஆளை ஏற்றிப் பார்க்கும். விழுந்ததைக் கழித்துவிடும். நின்றவற்றின் விதைகளை ஒன்றோடொன்று கலந்து, அங்கங்கே சின்னதாக மாற்றி, மறுபடி முளைக்க விடும். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போகும்.

"அப்ப எல்லாத்தையும் அதுவே செஞ்சிக்குதுன்னா நீ என்னத்தடி செய்யுற?" என்று கேட்டேன்.

"நான் மலையச் செஞ்சு குடுக்குறேன் சித்தி" என்றாள்.

முளைக்க வைப்பதும் அழிப்பதும் ஆண்டவன் வேலை. இதில் மனிதர் கை வைக்கலாமா என்று கேட்டேன். அவள் சொன்னாள், "சாமிகிட்ட பாத்துக் காப்பி அடிக்கிறேன். டீச்சர் இன்னும் கண்டுக்கல." சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அதிகமாக உடைத்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவள் குசினியில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். திரையில் ஏதோ நான்கைந்து குழாய்கள் தரையில் நீளமாகக் கிடந்தன.

"இதான் ஏணியாம் சித்தி. விழவே கூடாதுன்னு கேட்டேன். படுத்துக்கிச்சு. படுத்திருந்தா எப்படி விழும்?"

"நல்ல சோம்பேறி ஏணி. ஒங்க சித்தப்பா மாதிரி" என்றேன். உள்ளே இருந்து இவர், "எனக்கு எல்லாம் காதுல விழுது" என்று குரல் கொடுத்தார்.

சிரித்து முடித்த பிறகு கௌசி சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "கேட்டதுதான் கிடைக்கும் சித்தி. வேணும்னு மனசுல வச்சிருக்குறது கிடைக்காது. சரியாக் கேக்குறதுதான் முழு வேலையும்." அடுத்தடுத்த வாரங்களில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேலே கை எட்ட வேண்டும் என்றாள், கொடி நசியக் கூடாது என்றாள், ஒரு பெண் தனியாகத் தூக்கிக்கொண்டு மேடு ஏற வேண்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெட்டி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. அவளும் விடவில்லை.

கடைசியில் ஒன்று நின்றது. அதைப் பார்த்தால் ஏணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று கால், மூன்றும் மூன்று நீளம். ஒரு கால் முழங்கால் மடித்த மாதிரி வளைந்திருக்கும். சில இடத்தில் குழாய் தடிப்பு, சில இடத்தில் மெலிவு. ரயில் நிலையத்துப் பாதையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் செல்வத்திடம் அதன் படத்தை அச்சடித்துக் கொடுத்தாள். அவன் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ், இது ஏணியா, இல்ல ராத்திரி கடிக்கிற நுளம்ப யாராச்சும் அடிச்சுப் போட்டதா?"

"நுளம்புதான் செல்வம். அப்படியே செஞ்சு தாங்க."

அவன் நல்ல மனதோடு ஒரு வேலை செய்தான். வளைந்த காலைப் பார்த்து, பாவம் மிஸ் கணக்கில் தவறிவிட்டார் என்று நினைத்து, அதை நிமிர்த்தி மூன்று காலையும் ஒரே நீளத்தில் வெட்டி, வெள்ளிப் பெயின்டும் அடித்து, அழகாகக் கொண்டுவந்து இறக்கினான். கௌசிக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் கோபிக்கவில்லை. அவனுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, ஒவ்வொரு வளைவும் எங்கள் தோட்டத்து மேட்டுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது முறை அவன் நுளம்பை நுளம்பாகவே செய்து தந்தான்.

அந்த ஏணியை எங்கள் சரிவில் வைத்தபோது, மலையில் ஆடு நிற்குமே, அப்படி நின்றது. கல் வைக்கவில்லை, கயிறு கட்டவில்லை. நான் ஏறினேன். கௌசி கீழே நின்று பிடிக்கப் போனாள், பிறகு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பிடிக்க மாட்டேன் சித்தி. பிடிச்சா அது நின்னதா, நான் நிறுத்துனதான்னு தெரியாது." மேலே போய் உச்சிச் சரத்தைப் பறித்து மடிச்சாக்கில் போட்டேன். அவள் முகத்தை மேலிருந்து பார்த்தேன். தாய் விழுந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒரு சுருக்கு இருந்தது. அன்றைக்கு மட்டும் அது இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மிளகுக் காலத்தில் ஏணி யாருக்கும் சொந்தமில்லை. வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கும், தேவைப்பட்டவர் கேட்காமலே எடுத்துப்போவார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து சாத்திவிடுவார். ஏணிக்குப் போய்க் கேட்பதுதான் மரியாதைக் குறைவு, நம்மை அந்நியராக நினைக்கிறார்களே என்று தோன்றும். நானும் இவரும் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி ஏற்றப் போயிருந்த அன்று நஸீமா ராத்தா அந்தப் புது ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய தோட்டம் கீழே ஓடைக்கரையில். சரிவு குறைவு, மண் ஈரம். எங்கள் மேட்டில் ஆடு மாதிரி நின்றது அங்கே போனதும் கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆடியது. மெல்லிய கால் சேற்றில் இறங்கியது. ராத்தா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கௌசி வந்து கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். நானும் பின்னாலே போனேன். ராத்தா கையை மாவுக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கௌசி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒண்டுமில்ல புள்ள, அழாதீங்க" என்றார் ராத்தா. "அல்லாஹ் கையோட விட்டான். ஒங்கட ஏணிக்கு ஒங்கட சித்திய மட்டுந்தான் பழக்கம் போல. என்னத் தூக்கி வீசிட்டுது."

"நான் ஒரே ஒரு மலையத்தான் செஞ்சேன் ராத்தா" என்றாள் கௌசி. "ஏணி ஊரெல்லாம் போகும்னு எனக்குத் தெரியும். நான் இந்த ஊர்ப் புள்ளதானே. படிச்சுப் படிச்சு அத மறந்துட்டேன்."

"அப்ப என்ட தோட்டத்தையும் அந்தப் பெட்டிக்குள்ள போடுங்களே. அதுக்கென்ன, இடமில்லயா?"

அன்று மாலையே சரிவை அளக்க ரசமட்டம் பூட்டிய ஒரு பலகையோடு ராத்தாவின் தோட்டத்தில் இறங்கிவிட்டாள். அந்த முதல் ஏணியை எடுத்துவந்து, சிவப்புப் பெயின்டில், 'சித்தியின் தோட்டத்துக்கு மட்டும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். பிறகு சனிக்கிழமை தோறும் தோட்டம் தோட்டமாக நடந்தோம். நான் முன்னால் போய் வீட்டுக்காரரோடு பேசுவேன். சிங்கள வீடு, முஸ்லிம் வீடு, நம்மவர் வீடு, எங்கே போனாலும் முதலில் தேநீர், பிறகுதான் அளவு. கௌசி சரிவைப் பார்ப்பாள், மண்ணை மிதித்துப் பார்ப்பாள், யார் ஏறுகிறவர் என்று கேட்பாள், அவர் உயரத்தைப் பார்ப்பாள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், "இந்தப் பிள்ளை காணிக் கந்தோரா?" என்று பயந்துபோனார். தன் காணியின் எல்லையை அளக்க வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

அவள் மெலிந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. கேட்டால், "கம்பஸ்ல உக்காந்து உக்காந்து கால் பழகல சித்தி" என்பாள். ரத்தத்தில் நோய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்த மேடுகளில் அவளை ஏற விட்டிருப்பேனா? அதனால்தான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்தபடியே வேலை செய்தாள். எல்லாத் தோட்டத்தையும் பெட்டிக்குள் மலைகளாகப் போட்டு, எல்லா மலையிலும் நிற்கிறதைத்தான் உயிரோடு விடுவது என்று கேட்டிருந்தாள். நிறைய நாள் ஒன்றும் தேறவில்லை. ஒரு மலையில் நின்றது அடுத்த மலையில் விழுந்தது. பிறகு ஒருநாள் காலையில் என்னைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினாள். வாத்துக் கால் மாதிரிப் பரந்த பாதம். ஒரு கால் மட்டும் குழாய்க்குள் குழாயாக இருந்தது. ஏணியை நிலத்தில் வைக்கும்போது அது சரிவுக்கு ஏற்றபடி இறங்கும். ஆள் ஏறிப் பாரம் விழுந்ததும் இறுகிக்கொள்ளும்.

"பாருங்க சித்தி. இது முளைச்சதோட நிக்கல. தோட்டத்துக்குப் போன பிறகும் கொஞ்சம் வளருது."

"நீயும் எழும்பி வா. செல்வத்துக்கிட்ட ரெண்டு பேருமா போவோம்" என்றேன். தலையாட்டினாள்.

இனிச் சொல்வதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசி நாட்களில் அவளுக்கு வலி அதிகம். அதைப் பார்க்க முடியாமல், நான் கும்பிட்டதெல்லாம் ஒன்றுதான். தாயே, இந்தப் பிள்ளைக்கு வலி இல்லாமல் செய். அந்த வெள்ளிக்கிழமை கோயிலிலும் அதைத்தான் கேட்டேன். அதே நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் அவள் நித்திரையிலே, முகம் சுளிக்காமல், போயிருக்கிறாள். ரமேஷ் சொன்னான், பக்கத்தில் இருந்த தனக்கே தெரியவில்லையாம். கேட்டதுதான் கிடைக்கும் என்று என் குசினியில் உட்கார்ந்து சொன்னவள் அவள். நான் அவளைப் பிழைக்க வை என்று கேட்டிருக்க வேண்டும். வலியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டேன். எத்தனை விரதம் இருந்தவள் நான், ஒரு வரத்தைச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை.

இதை நஸீமா ராத்தாவிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவர் என்னை வைதார்.

"படைச்சவன் என்ன கம்பியூட்டர் பெட்டியா, தங்கச்சி? வாயால சென்னத மட்டுமா அவன் கேக்குறான்? ஒங்கட மனசுல இருந்தது அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் ராத்தா?"

உடைந்து கூடிய அந்தக் கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கருமாதிக்கு நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, உங்களில் அந்தத் திலினி என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, மெடத்தோட விதை எங்ககிட்ட பத்திரமா இருக்கு. மெடம் அளந்த எல்லா மலையும் இருக்கு. அடுத்த மிளகுக் காலத்துக்கு முந்தி செல்வம் அண்ணன்கிட்ட செஞ்சு வாங்கிருவோம்" என்றாள். எல்லாத் தோட்டமும் அளந்தாயிற்றா என்று நீங்கள் கேட்டபோது, ஆமாம், நான்தானே கூட நடந்தேன், ஒன்று விடவில்லை என்று சொல்லியும்விட்டேன்.

என்னிடம் மிஞ்சியது என்ன என்று எழுதச் சொன்னீர்கள். சிவப்பு எழுத்து எழுதிய அந்த நுளம்பு ஏணி என்னிடம் இருக்கிறது. எங்கள் மேட்டில் அது இன்னும் நிற்கிறது. அதை யாருக்கும் கொடுப்பதில்லை. ஏணி கொடுக்காத வீடு என்ற பெயரை நாங்கள் தாங்கிக்கொள்கிறோம். பிறகு, கோயிலில் கண்ணை மூடினால் இப்போது உடனே வாய் திறப்பதில்லை. என்ன கேட்கிறேன், அதற்குள் எது அடங்கவில்லை என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பல நாள் ஒன்றும் கேட்காமலே திரும்பிவிடுகிறேன். இதுதான் கௌசி எனக்கு விட்டுப்போனது.

திலினி, இதை அச்சுக்குக் கொடுக்க முன் ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போன பாதையை மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டே எழுதியதில் இப்போதுதான் நினைவு வருகிறது. நிலையத்துக்கு இறங்கும் வளைவில் ஒரு தகரப் படலை இருக்கிறது. அதற்கு முன்னால் வரும்போதெல்லாம் கௌசி, "கோச்சிக்கு நேரமாச்சு சித்தி, அடுத்த கிழமை பாப்போம்" என்று சொல்லி விரைந்து நடந்துவிடுவாள். நானும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். அது அக்கா வீட்டுப் பழைய நிலம். அக்கா விழுந்தது அங்கேதான். இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, கொடிகள் நன்றாகக் காய்க்கின்றன, அந்த வீட்டு மருமகள்தான் ஏறிப் பறிக்கிறாள். அந்தச் சரிவு உங்களிடம் இருக்கும் மலைகளில் இல்லை.